சொந்த வீட்டுக்கு உரியவர் யார்? – அமெரிக்க நாட்டுப்புற வீட்டுக் கடனின் வரலாறு

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. தோட்டப்புறத்தில் வாழும் நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. லயத்து வீடு வேலையோடு வரும் வீடு. பிரட்டுக்குப் போகும்வரை வீடு உண்டு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஓய்வு பெறும் வயது நெருங்கும்போது, அடுத்து எங்கே போவது என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. வானளாவிய கட்டடங்களுக்குப் பேர்போன அமெரிக்காவிலும், நிலத்தில் பாடுபட்டவர்களை இதே கேள்வி வாட்டியது. அதற்கு விடையாக அந்நாட்டு அரசாங்கம் நாட்டுப்புற மக்களுக்கென்றே ஒரு வீட்டுக் கடன் திட்டத்தை உருவாக்கியது. அந்தக் கடனுக்கு யார் உரியவர், யார் உரியவர் அல்லர் என்ற விதி எப்படிப் பிறந்தது, எப்படி மாறியது என்பதே இன்றைய உரையின் பொருள்.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் கவுண்டி எனப்படும் பல வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நம் நாட்டு மாவட்டத்தைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். 1930-களில் நாட்டுப்புறக் கவுண்டிகளின் நிலைமை எப்படி இருந்தது? 1935-இல் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றில்தான் மின்விளக்கு எரிந்தது. 1940-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நகரையும் நாட்டுப்புறத்தையும் சேர்த்துப் பார்த்தால்கூட, ஏறத்தாழப் பாதி வீடுகளில் குழாய்நீர், குளியலறை, கழிவறை ஆகிய மூன்றும் முழுமையாக இல்லை. நாட்டுப்புறத்தின் நிலை அதைவிட மோசம். கிணற்றுநீர், மண்ணெண்ணெய் விளக்கு, வீட்டுக்கு வெளியே கழிவறை, இதுவே அங்கு வழக்கம்.

வீட்டைத் திருத்திக் கட்டப் பணம் வேண்டும். பணத்துக்கு வங்கியை நாட வேண்டும். ஆனால் நாட்டுப்புறத்தானுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் அஞ்சின. அவன் வருமானம் மாதாமாதம் வருவதில்லை. அறுவடைக்கு அறுவடை வருவது. மழை பொய்த்தால் அதுவும் இல்லை. கடன் திரும்பாவிட்டால் வீட்டை ஏலத்தில் விடலாம் என்றாலும், ஆள் நடமாட்டம் குறைந்த இடத்திலே அதை வாங்குவார் யார்? வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி தரும் அரசாங்க நிர்வாகம் ஒன்று 1934-இல் தோன்றியது. ஆயினும் அதன் பயன் பெரும்பாலும் நகரங்களுக்கும் புறநகர்களுக்குமே போய்ச் சேர்ந்தது.

நிலம் வைத்திருந்தவருக்கே இந்த நிலைமை என்றால், பிறர் நிலத்தில் உழைத்தவர் கதி என்ன? இங்கே ஒரு வரலாற்று நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். மிசூரி மாநிலத்தின் தென்கிழக்கு மூலை பருத்தி விளையும் பூமி. அங்கே வாரக்குடிகள், அதாவது விளைச்சலில் பங்கு பெற்று உழைப்பவர்கள், நில முதலாளி கொடுத்த குடிசைகளில் குடியிருந்தார்கள். பருத்தி விலையை உயர்த்த எண்ணிய அரசாங்கம், 1933 முதல் பயிரிடும் பரப்பைக் குறைப்பவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தது. அந்தத் தொகையில் வாரக்குடிக்கும் ஒரு பங்கு உண்டு என்பது விதி. விதி நல்லதுதான். ஆனால், வாரக்குடியே இல்லையென்றால் பங்கு கொடுக்கத் தேவையில்லை அல்லவா? பல முதலாளிகள் குடிகளை வெளியேற்றிவிட்டு, நாள்கூலிக்கு ஆள் எடுத்தார்கள். வேலை போனது, அதனோடு குடிசையும் போனது.

1939-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், கடுங்குளிரில், வெளியேற்றப்பட்ட வாரக்குடிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தட்டுமுட்டுச் சாமான்களோடும் பிள்ளைகுட்டிகளோடும் நெடுஞ்சாலை ஓரத்தில் வந்து தங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், வெள்ளையரும் இருந்தனர். ஓவன் விட்ஃபீல்டு என்ற கறுப்பினப் போதகர் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். காரில் போவோர் வருவோர் அனைவரும் அவர்களைக் கண்டார்கள். செய்தித்தாள்கள் படத்தோடு எழுதின. அதிகாரிகள் சில நாள்களில் அவர்களைச் சாலையிலிருந்து அகற்றிவிட்டார்கள். ஆனால் நாடு கண்டதை மறைக்க முடியவில்லை.

அதன்பின் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அரசாங்க அமைப்பு, அவ்வட்டாரத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்கென்று சிறு குடியிருப்புகளைக் கட்டியது. எளிய மரவீடுகள்தாம், ஆயினும் முதலாளி நினைத்தால் காலி செய்யச் சொல்ல முடியாத வீடுகள். 1945-இல் அவ்வீடுகளை விற்றுவிட அரசாங்கம் முற்பட்டபோது, மீண்டும் தெருவுக்கு வந்துவிடுவோமோ என்று மக்கள் கலங்கினர். திருச்சபையினரும் நல்லெண்ணம் கொண்ட நண்பர்களும் சேர்ந்து டெல்மோ வீடமைப்புக் கழகம் என்ற அமைப்பை நிறுவி, அவ்வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றை வாங்கி, குடியிருந்தவர்களுக்கே தவணை முறையில் விற்றனர். சாலையோரத்தில் படுத்தவர்கள் ஆறே ஆண்டுகளில் வீட்டுக்கு உரியவர்கள் ஆனார்கள்.

1946-இல் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் கலைக்கப்பட்டு, அதன் இடத்தில் உழவர் இல்ல நிர்வாகம் அமைந்தது. வேளாண்மை அமைச்சின் கீழ் இயங்கிய இந்நிர்வாகம், நாட்டுப்புறக் கவுண்டிகளில் தன் கிளை அலுவலகங்களை வைத்திருந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1949 ஜூலை 15-ஆம் நாள், அதிபர் ட்ரூமன் வீடமைப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஒவ்வோர் அமெரிக்கக் குடும்பத்துக்கும் நல்ல வீடும் தகுந்த சுற்றுச்சூழலும் கிடைக்க வேண்டும் என்பதை அச்சட்டம் நாட்டின் குறிக்கோளாக அறிவித்தது. அதன் ஐந்தாம் பகுதி பண்ணை வீடுகளைப் பற்றியது. அதிலுள்ள 502-ஆம் பிரிவுதான் நாம் பேசும் கடன் திட்டத்தின் வேர். வட்டி 4 விழுக்காட்டுக்கு மேற்படாது. தவணை 33 ஆண்டுகள் வரை. வேறெங்கும் நியாயமான வட்டிக்குக் கடன் கிடைக்காதவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம். அதாவது, வங்கி கைவிட்டவனுக்கு அரசாங்கம் கை கொடுத்தது.

ஆனால் நேயர்களே, சட்டத்தைச் சற்றுக் கூர்ந்து படிக்க வேண்டும். கடன் வாங்கத் தகுதி உடையவர் யார்? பண்ணை நிலத்துக்குச் சொந்தக்காரர். அவர் தமக்கு வீடு கட்டிக்கொள்ளலாம். தம் பண்ணையில் உழைக்கும் குத்தகைக்காரருக்கும் வாரக்குடிக்கும் கூலித் தொழிலாளிக்கும்கூட அந்தக் கடனில் வீடு கட்டலாம். கூலிக்காரனின் பெயர் சட்டத்தில் இருந்தது உண்மை. குடியிருப்பவனாக இருந்தது, உடையவனாக இல்லை. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கதவு திறக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. 1961-ஆம் ஆண்டுச் சட்டம், பண்ணை இல்லாத நாட்டுப்புற மக்களையும் 502-ஆம் பிரிவுக்குள் கொண்டுவந்தது. ஒரு சிறு மனை இருந்தால் போதும்; ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டியதில்லை. அதே சட்டம், பண்ணைத் தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டுவதற்கென்று தனிக் கடனையும் ஏற்படுத்தியது. 1964-இல் அதற்கு மானியமும் சேர்க்கப்பட்டது.

கதவு திறந்தால் மட்டும் போதுமா? கையில் காசில்லாதவன் உள்ளே நுழைவது எப்படி? இதற்கு விடை கலிபோர்னியா மாநிலத்தின் துலாரே கவுண்டியில் பிறந்தது. திராட்சை, ஆரஞ்சு, பருத்தி ஆகியவை செழித்து விளையும் வட்டாரம் அது. விளைவித்தவர்களோ தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தார்கள். குவேக்கர் எனப்படும் கிறிஸ்துவப் பிரிவினரின் சேவைக் குழு அங்கே தொண்டு செய்துவந்தது. இக்குழுவினர் முன்னரே, 1937-இல், பென்சில்வேனியா மாநிலத்தில் வேலையிழந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்டே ஐம்பது கல்வீடுகளைக் கட்டச் செய்த அனுபவம் உடையவர்கள். அந்த வழியையே துலாரே கவுண்டியில் கோஷன் என்ற சிற்றூரிலும் பின்பற்றினார்கள். 1963-இல் மூன்று குடும்பங்கள் அரசாங்கக் கடனைப் பெற்று, தங்கள் கையாலேயே வீடு கட்டத் தொடங்கின.

இந்த முறை எப்படி நடைபெறுகிறது என்று சொல்கிறேன். எட்டு அல்லது பத்துக் குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேரும். கட்டட வேலை தெரிந்த ஒருவர் மேற்பார்வையாளராக இருப்பார். மாலை வேளைகளிலும் வாரக் கடைசியிலும் எல்லாரும் வந்து வேலை செய்ய வேண்டும். வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குடும்பத்தாருடையது. மின்கம்பி இழுப்பது போன்ற நுட்ப வேலைகளுக்கு மட்டும் ஆள் வைப்பார்கள். உன் வீட்டுக்கு நான் சுவர் எழுப்புகிறேன், என் வீட்டுக்கு நீ கூரை போடு என்பதுதான் ஒப்பந்தம். கடைசி வீடு முடியும்வரை எந்தக் குடும்பமும் குடிபுகக் கூடாது. இந்தக் கடைசி விதியில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. தன் வீடு முடிந்ததும் ஒதுங்கிக்கொள்ள யாராலும் முடியாது. கைப்பணத்துக்குப் பதிலாக வியர்வையே முன்பணம் ஆயிற்று. 1965-இல் இவ்வேலைக்கென்றே துலாரே கவுண்டியின் வைசேலியா நகரில் ஓர் அமைப்பு உருவானது. 1968-ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய அமைப்புகளுக்கு அரசாங்கமே நிதி வழங்க வழி செய்தது. இன்றுவரை அமெரிக்கா முழுவதிலும் இம்முறையில் 50,000-க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்துள்ளன.

அதே துலாரே கவுண்டியில் அதே 1965-இல் மற்றொன்றும் நடந்தது. லின்னெல், வுட்வில் என்ற இரண்டு தொழிலாளர் முகாம்களில், 1930-களில் போட்ட தகரக் குடில்களுக்கு வாடகையை உயர்த்தினார்கள். கில்பர்ட் பாடியா போன்ற சங்கத் தொண்டர்களின் துணையோடு குடியிருந்தவர்கள் வாடகை கொடுக்க மறுத்துப் போராடினார்கள். அவ்வாண்டு செப்டம்பரில், பக்கத்துக் கவுண்டியிலுள்ள டெலானோ என்னும் ஊரில், லாரி இட்லியோங் தலைமையில் பிலிப்பினோ திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சீசர் சாவேசின் தலைமையிலிருந்த மெக்சிக்கர்களும் சேர்ந்துகொள்ள, அப்போராட்டம் ஐந்தாண்டுகள் நீடித்து 1970-இல் வெற்றி கண்டது. கூலிக்கான போராட்டமும் குடியிருப்புக்கான போராட்டமும் வேறுவேறல்ல. கூலி உயராமல் தவணை கட்ட முடியாது. வீடு முதலாளியின் கையில் இருக்கும்போது கூலி கேட்க வாய் வராது.

1968-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு பெரிய மாற்றத்தையும் செய்தது. குறைந்த வருமானக் குடும்பங்களின் வட்டிச் சுமையில் ஒரு பகுதியை அரசாங்கமே ஏற்று, கடன் வாங்கியவர் கட்டும் வட்டியை 1 விழுக்காடு வரை இறக்கியது. இதன் பயனை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகள் பென்சில் எடுத்துக்கொள்ளலாம். 10,000 டாலர் கடன். தவணை 33 ஆண்டுகள், அதாவது 396 மாதங்கள். வட்டி 7 விழுக்காடு என்றால் மாதம் ஏறக்குறைய 65 டாலர் கட்ட வேண்டும். வட்டி 1 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 30 டாலர் போதும். கடன் ஒன்றே, வீடு ஒன்றே. மாதத் தவணை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வீட்டு விலை குறைவதால் மட்டும் ஏழைக்கு வீடு கிடைப்பதில்லை. வட்டி குறைந்தாலும் கிடைக்கும் என்பதை இந்தக் கணக்குக் காட்டுகிறது. வீட்டைப் பின்னாளில் விற்றால், அரசாங்கம் தாங்கிய வட்டியில் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்த நேரலாம் என்ற விதியும் பிற்பாடு சேர்ந்தது.

சரி, நாட்டுப்புறம் என்பது எது? இதற்கும் சட்டம் கோடு போட்டது. முதலில் 2,500 பேருக்கு உட்பட்ட ஊர்களே நாட்டுப்புறம். 1965-இல் அது 5,500 ஆயிற்று, 1970-இல் 10,000, 1974-இல், பெருநகர வட்டாரங்களுக்கு வெளியே, கடன் வசதி குறைந்த ஊர்களுக்கு 20,000. ஏற்கெனவே தகுதி பெற்று நாட்டுப்புறத் தன்மை மாறாமல் இருக்கும் ஊர்களுக்கு 2014 முதல் 35,000 பேர் வரை இடமுண்டு. ஊரின் மக்கள்தொகை கோட்டைத் தாண்டினால், சாலையின் இந்தப் பக்கத்தில் இருப்பவருக்குக் கடன் உண்டு, அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு இல்லை என்றாகிவிடும். ஆகவே அங்கு வீடு பார்க்கப் போகிறவர்கள், முதலில் அந்த முகவரி கோட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது வழக்கம்.

சட்டத்தில் எழுதியிருப்பது ஒன்று. அலுவலக மேசையில் நடப்பது வேறொன்று. விண்ணப்பம் கவுண்டி அதிகாரியின் கையில்தான் போய்ச் சேரும். தென் மாநிலங்களில் கறுப்பின உழவர்களின் பண்ணைக் கடன் விண்ணப்பங்கள் தாமதிக்கப்பட்டன, குறைக்கப்பட்டன, தள்ளப்பட்டன. அமெரிக்கக் குடிசார் உரிமைகள் ஆணையம் 1965-இலும் 1982-இலும் அறிக்கை வெளியிட்டு இந்தப் பாகுபாட்டைச் சுட்டிக்காட்டியது. கறுப்பின உழவர்கள் தொடுத்த வழக்கில், 1999-இல்தான் வேளாண்மை அமைச்சு இழப்பீடு கொடுக்க உடன்பட்டது. அரசியல் காற்று மாறினாலும் திட்டம் ஆடியது. 1973 ஜனவரியில் அதிபர் நிக்சனின் அரசாங்கம், மானியத்தோடு கூடிய வீட்டுக் கடன்களைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. காகிதத்தில் பெற்ற உரிமையைக் காத்துக்கொள்ளவும் ஆள் வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

1994-இல் உழவர் இல்ல நிர்வாகம் மூடப்பட்டது. அதன் வீட்டுக் கடன் வேலையை, அதே வேளாண்மை அமைச்சின் கீழுள்ள நாட்டுப்புற வீடமைப்புப் பிரிவு ஏற்றுக்கொண்டது. இப்போது இரண்டு வகைக் கடன்கள் உள்ளன. ஒன்று, அரசாங்கம் நேரே கொடுப்பது. வட்டார நடுநிலை வருமானத்தில் 80 விழுக்காட்டுக்கு உட்பட்டவர்களுக்கு இது உரியது. தவணை 33 ஆண்டுகள், மிக எளியவர்களுக்கு 38 ஆண்டுகள் வரை. மற்றொன்று, 1990-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது. இதில் கடன் கொடுப்பது வங்கி. கடன் மூழ்கினால் 90 விழுக்காடு வரை ஈடுசெய்வதாக அரசாங்கம் உத்தரவாதம் அளிக்கிறது. வருமான வரம்பு 115 விழுக்காடு. இரண்டிலும் பொதுவாக முன்பணம் தேவையில்லை. வாங்குபவரே அவ்வீட்டில் குடியிருக்க வேண்டும். வாடகைக்கு விடுவதற்காக வாங்க முடியாது. திருப்பிக் கட்டும் ஆற்றலுக்கு வருமானச் சான்று காட்ட வேண்டும்.

நாட்டுப்புறத்தில் மனை மலிவுதான். ஆனால் கிணறு தோண்ட வேண்டும், கழிவுநீர்த் தொட்டி கட்ட வேண்டும். மருத்துவமனை பல மைல் தூரம். கார் இல்லாமல் காலம் தள்ள முடியாது. இவற்றையெல்லாம் கணக்கில் சேர்க்காமல் தவணையை மட்டும் பார்த்தவர்கள் பின்னர் அவதிப்பட்டதுண்டு. மற்றொரு தடை நிலப் பத்திரம். தென் மாநிலங்களில் கறுப்பினக் குடும்பங்கள் பல, பாட்டன் வாங்கிய நிலத்தில் மூன்று தலைமுறையாக வாழ்கின்றன. பாட்டன் உயில் எழுதவில்லை; பெயர் மாற்றம் செய்யவில்லை. நிலம் எல்லாப் பங்காளிக்கும் பொதுவாகவே நின்றுவிட்டது. தெளிவான பத்திரம் இல்லாததால் அத்தகைய குடும்பங்களுக்கு வீட்டுக் கடன் எட்டாமல் போயிற்று.

நேயர்களே, இந்த வரலாற்றை நம் நிலைமையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தவறாகாது. நம் நாட்டில் 1950-களிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது. கோஷன் குடும்பங்கள் வியர்வையைத் திரட்டின. நம்மவர்கள் வெள்ளிகளைத் திரட்டினர். இரண்டும் கூட்டு முயற்சியே. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், முதலாளி கொடுக்கும் குடியிருப்பும் வசதிகளும் எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று வகுத்தது. அது தேவையான சட்டம். ஆனால் தரமான குடியிருப்பு வேறு, சொந்த வீடு வேறு. 1949-க்கும் 1961-க்கும் இடையே அமெரிக்கக் கூலித் தொழிலாளி கடந்து வந்த தூரம் அதுதான்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. சம்பளச் சீட்டையும் ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கையையும் தூக்கியெறியாமல் கோப்பில் வையுங்கள். தகுதியைக் காட்டும் சான்று அவைதாம். நிலமோ வீடோ இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே பத்திரத்தைச் சரிசெய்து கொள்ளுங்கள். அரசாங்கத் திட்டம் எதுவானாலும், அதன் தகுதி விதிகளைப் பிறர் சொல்லக் கேட்டு ஒதுங்கிவிடாமல், எழுத்தில் வாங்கிப் படியுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பம் தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வேலையில் இருக்கும்போதே, உடம்பில் வலு இருக்கும்போதே இவற்றைத் தொடங்குங்கள்.

தகுதி என்ற கோடு மலையைப் போலவோ ஆற்றைப் போலவோ இயற்கையாக அமைந்ததன்று. மனிதர் போட்ட கோடு. மனிதர் கேட்டதால் நகர்ந்த கோடு. சாலையோரத்தில் குளிரில் கிடந்தவர்களும், வாடகை கொடுக்க மறுத்தவர்களும், அடுத்தவன் வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டுத் தன் வீட்டுக்குள் நுழையக் காத்திருந்தவர்களும் சேர்ந்துதான் அதை நகர்த்தினார்கள். இதை நம் பிள்ளைகளும் தெரிந்திருக்க வேண்டும்.